விரல் நுனி போனது. புது இசை பிறந்தது!

அவருக்கு அப்போது 17 வயது. பெயர் டோனி அயோமி. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகர வாலிபர். கித்தார் என்றால் அவருக்கு உயிர்.

தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். இசைக்குழு ஒன்றில் இடம் கிடைக்கவே, வேலையை விடத் தீர்மானித்தார்.

அன்று வேலைக்குக் கடைசி நாள். மதியம் சாப்பிட வந்தவர், திரும்பிப் போக மனமில்லை என்றார். தாயார் விடவில்லை. வேலையை முடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

டோனி போனார். யந்திரம் வலது கை மீது இறங்கியது! இரு விரல்களின் நுனி துண்டாகிவிட்டது!

அவர் இடது கைக்காரர். தந்திகளை அழுத்துவது வலது கைதான். இனி கித்தார் இல்லை என்று மனம் உடைந்தார்.

மேஸ்திரி தந்த தைரியம்

தொழிற்சாலை மேஸ்திரி ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். தீ விபத்தில் கை வெந்து, இரண்டே விரல்களால் வாசித்துப் புகழ் பெற்றவர்!

டோனிக்குத் தைரியம் பிறந்தது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்கு உறை செய்தார். பழைய சட்டையின் தோலை வெட்டி அதன்மேல் ஒட்டினார். மெல்லிய தந்திகளைக் கட்டினார். பின்னாளில் தந்திகளைத் தளர்த்தியும் வாசித்தார். இடி முழக்கம் போன்ற கனத்த ஓசை எழுந்தது!

நால்வர் குழு

1968-ல் ஆஸ்டன் பகுதி வாலிபர்கள் நால்வர் சேர்ந்தனர். பாடியவர் ஆஸி ஆஸ்பர்ன். கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். கீசர் பட்லர், பில் வார்டு மற்ற இருவர். பேய்ப்படம் ஒன்றின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள். அதுதான் 'பிளாக் சப்பாத்'.

முதல் இசைத்தட்டை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970 பிப்ரவரி 13-ல் அது வெளிவந்தது. அதே ஆண்டில் வந்த இரண்டாவது இசைத்தட்டு, இங்கிலாந்தில் விற்பனையில் முதல் இடம் பிடித்தது.

இந்த இசைக்கு 'ஹெவி மெட்டல்' என்று பெயர் வந்தது. 'கன உலோகம்' என்று பொருள். 'மெட்டாலிகா' போன்ற பெரிய குழுக்கள் இவர்கள் காட்டிய வழியில் வந்தவையே.

கடைசிக் கச்சேரி

2025 ஜூலை 5-ல், ஆஸ்டனிலேயே நால்வரும் கடைசியாக மேடை ஏறினார்கள். நோயுற்ற ஆஸி, ஆசனத்தில் அமர்ந்தபடி பாடினார். ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள். 17 நாட்களில் அவர் காலமானார்.

விரல் நுனி போன அன்றே டோனி கித்தாரைத் தூக்கிப் போட்டிருந்தால்? இந்த இசையே பிறந்திருக்குமா!