புது வீட்டில் முதல் கோடை

1994 மே மாதம் கரோல்பாக்கிலிருந்து மயூர் விஹாருக்குக் குடிமாறினோம். யமுனையைத் தாண்டியதுமே வேறு ஊருக்கு வந்தது போல் இருந்தது. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பிரிக்காத அட்டைப்பெட்டிகள், வேளைக்கு மட்டும் எட்டிப் பார்க்கும் குழாய்த் தண்ணீர், இடுப்பில் இரண்டரை வயது மகள்... இதுதான் என் கோடை விடுமுறை!

பகலெல்லாம் 'லூ' காற்று அனலாய் வீசும். ஜன்னலைத் திறக்க முடியாது. குழந்தையோ, "நம்ம வீட்டுக்குப் போலாம்மா" என்று வாசற்கதவைத் தட்டித் தட்டி அழுவாள்.

ஒருநாள் துவண்டு படுத்துவிட்டாள். தண்ணீர் ஆகாரம் நிறையக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். பாலும் மோரும் வேண்டாமென்றவள், எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பாட்டி கொண்டுவந்த 'ஆம் பன்னா'வை மட்டும் மடமடவென்று குடித்தாள். மாங்காயை வேகவைத்து, சீரகமும் கறுப்பு உப்பும் சேர்த்த பானகம் அது. கிண்ணத்தை வெறுமனே திருப்பலாமா? ரசம் ஊற்றிக் கொடுத்தேன். அன்று தொடங்கிய பழக்கம்!

அந்த வாரமே கூலருக்குப் புதுக் 'கஸ்' தட்டி வைத்தோம். கஸ் என்றால் நம் வெட்டிவேர்தான். தண்ணீர் சொட்டியதும் வீடெங்கும் மணம். மூக்கைச் சுருக்கி முகர்ந்தவள், "பாட்டி வீட்டுப் பானைத் தண்ணி வாசனை!" என்றாள்.

அன்று அவள் கதவைத் தட்டவில்லை. பெட்டிகள் மட்டும் தீபாவளி வரை பிரிக்கப்படவே இல்லை!