கமக்காரருக்கேற்ற மடக்குக் கத்தி

நெற்செய்கையிலும் மரக்கறிச் செய்கையிலும் ஈடுபட்டோர் மண்வெட்டி, அரிவாள், உழவாரம், காட்டுக்கத்தி ஆகியவற்றை வாங்கும்போது தட்டிப் பார்த்து, கனம் பார்த்து, விலை பேசி வாங்குவர். நாள்தோறும் மடியிலிருந்தோ சட்டைப்பையிலிருந்தோ பத்துத் தடவையேனும் வெளியே எடுக்கப்படும் சிறு மடக்குக் கத்தியை மாத்திரம், கண்ணில் முதலிற் பட்டதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவர். அது சில மாதங்களுள் ஆணி தளர்ந்து, அலகு மழுங்கிப் பயனற்றுப் போகும். சிலவேளை எதிர்பாராது மடிந்து விரலையும் வெட்டிவிடும். ஆகவே குறைந்த விலையில் நல்ல கத்தியொன்றைத் தெரிந்தெடுக்கும் முறையையும், அதைப் பேணும் முறையையும் இங்கே கூறுகின்றோம்.

இக்கத்தி எவ்வேலைக்குரியது என்பதை முதலில் தெளிந்துகொள்ளுங்கள். பசளைச் சாக்கின் தையலை வெட்டுதல், பந்தற் கயிற்றை அறுத்தல், கத்தரிக்காய், பூசணிக்காய் என்பவற்றைக் காம்புடன் கொய்தல், நாற்றுத்தட்டின் பொலித்தீனைக் கிழித்தல் முதலிய சிறு வேலைகளே இதற்குரியன. தடி வெட்டுவதும், தேங்காய் உடைப்பதும், தகரப்பேணியைத் திறப்பதும் இதன் வேலையல்ல. முறிந்த கத்திகளைப் பார்த்தால், அவற்றுட் பெரும்பாலானவை நெம்புகோலாகப் பயன்படுத்தப்பட்டமையாலேயே முறிந்தன என்பது தெரியவரும்.

பலர் நினைத்துப் பாராத பயனொன்றும் உண்டு. கத்தி பயிரின் நோயை அறியும் கருவியுமாகும். தக்காளிச் செடி இலை மஞ்சளாகாமலே திடீரென வாடினால், அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டொன்றைக் கூரிய கத்தியால் வெட்டி, கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் அதன் வெட்டுமுகம் தோயுமாறு பிடியுங்கள். சில நிமிடங்களுள் வெட்டுமுகத்திலிருந்து பால் போன்ற வெண்ணிற இழை கீழ்நோக்கி ஒழுகினால் அது பற்றீரியா வாடல் நோயாகும். அச்செடியைக் காப்பாற்ற மருந்தில்லை. வேரோடு பிடுங்கி அகற்றுதலே வழி. கத்தரியில் வாடிய குருத்தை ஓரங்குலம் கீழே வெட்டிப் பிளந்தால் உள்ளே குருத்துத் துளைப்பானின் புழு இருக்கும். நெல்லில் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தவுடன் கையோடு வந்தால், அத்தண்டை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். தண்டு துளைப்பானா, வேறு காரணமா என்பது தெளிவாகும். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கிவிடுமாதலால் இவற்றுள் எதையும் காணவியலாது.

அலகும் உருக்கும்

அலகின் நீளம் இரண்டரை அங்குலம் முதல் மூன்று அங்குலம் வரை இருத்தல் போதுமானது. அதற்கு மேற்பட்ட நீளம் சாரத்தின் மடியில் உறுத்தும். சிறு காம்புகளை வெட்டும்போது கைக்கும் அடங்காது. அலகு மெல்லியதாயும், முதுகிலிருந்து வாய் நோக்கிச் சீராக ஒடுங்கியதாயும் இருத்தல் வேண்டும். தடித்த அலகு பலமுள்ளதாகத் தோன்றினும் காயை வெட்டாது பிளக்கும். பற்கள் வைத்த அலகு நைலோன் கயிற்றுக்கு நன்றெனினும், வீட்டிலே தீட்ட இயலாதாகையால் அதை நாம் சிபார்சு செய்வதில்லை.

உருக்கு இருவகைப்படும். கரியுருக்கு மலிவானது, எளிதிற் கூராகும், ஆனால் துருப்பிடிக்கும். கறையில் உருக்கு துருவை எதிர்க்கும். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹரி பிரேர்லி என்பவர் 1913 ஆம் ஆண்டில், 100 பங்கில் ஏறக்குறைய 13 பங்கு குரோமியம் கலந்த உருக்கை வார்த்தபின்னரே இது கத்தித் தொழிலிற் பரவியது. வெள்ளவத்தை போன்ற கடற்கரைப் பகுதியில் வீட்டுத்தோட்டம் செய்வோரும், சேற்று வயலில் இறங்குவோரும் கறையில் உருக்கையே வாங்குதல் நன்று. உப்புக் காற்றில் விடப்பட்ட கரியுருக்கு அலகு ஓரிரவிலேயே செம்புள்ளி கொள்ளும். கரியுருக்கைத்தான் விரும்புவீர்களாயின், மாங்காய், எலுமிச்சை முதலியவற்றை வெட்டியபின் அலகில் தோன்றும் கருநீலக் கறையைக் கண்டு அஞ்சவேண்டாம். அது துருவன்று, ஓரளவு காப்பாகவும் அமையும். செந்நிறத் துருவையே தேய்த்தகற்றல் வேண்டும்.

கடைக்குச் செல்லும்போது சிறு காந்தமொன்றைக் கொண்டு செல்லுங்கள். சமையற் பாத்திரங்கள் வாங்கும்போது காந்தம் ஒட்டாததே உயர்ந்ததெனச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கத்திக்கு அவ்விதி பொருந்தாது. வெப்பமூட்டிக் கடினமாக்கத்தக்க கறையில் உருக்கு காந்தத்தில் ஒட்டும். கரண்டி செய்யும் மென்மையான வகையே ஒட்டாது. காந்தம் ஒட்டாத அலகு எவ்வளவு பளபளத்தாலும் கூரைத் தாங்காது, அதை வாங்காதீர்கள். அலகில் 420 என்று பொறித்திருந்தால் அது சற்று மென்மையானது; விரைவில் மழுங்கினும் எளிதிற் தீட்டலாம். 440 வகைகள் கூரை நெடிது தாங்கும். ஆயினும் மலிவான போலிகளிலும் இவ்விலக்கங்களைப் பொறிக்கின்றனர். ஆதலின் பொறிப்பை மாத்திரம் நம்பாது மூட்டையும் பார்த்தல் வேண்டும்.

மூட்டும் பிடியும்

மடக்குக் கத்தியின் உயிர்நிலை அதன் மூட்டாகும். அலகைத் திறந்து, நுனியை இரு விரலாற் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ஆட்டமிருப்பின் மறுத்துவிடுங்கள், புதிதிலே ஆடுவது பின்னர் இறுகப்போவதில்லை. மூடும்போது அலகின் வாய் பிடியின் நடுவே அமையவேண்டும். ஒரு பக்கத்தை உரசினால் ஆணி கோணலாக அடிக்கப்பட்டதெனக் கொள்க. மூடிய நிலையில் அலகின் நுனி வெளியே நீட்டியிருத்தல் கூடாது. மடியிற் செருகிக் குனிந்து நாற்று நடுவோருக்கு இது சிறு குறையன்று.

பழைய பேனாக்கத்திகளில் முதுகிலுள்ள வில்லே அலகைத் திறந்த நிலையில் நிறுத்தும். (இறகுப் பேனாவைச் சீவுவதற்குப் பயன்பட்டமையாலேயே இதற்குப் பேனாக்கத்தி என்று பெயர் வந்தது.) இழுத்து வெட்டும் வேலைக்கு வில் போதும். பூசணிக்காம்பு போன்ற வலியவற்றை வெட்டும்போதும், நுனியாற் குத்தும்போதும் வில் விட்டுக்கொடுத்து அலகு விரலின்மேல் மடியக்கூடும். அத்தகைய வேலை அதிகமுள்ளோர் பூட்டுள்ள கத்தியை வாங்குக. பூட்டைச் சோதிக்க, விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு, திறந்த அலகின் முதுகை மரப்பலகையில் மெதுவாகத் தட்டுங்கள். பூட்டு வழுவினால் அக்கத்தி பூட்டில்லாததைவிடத் தீயது. ஏனெனில் அதை நம்பியே நீங்கள் அழுத்துவீர்கள்.

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890 ஆம் ஆண்டில் யோசெப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி, குறைந்த விலையில் நல்ல கத்தி செய்யலாம் என்பதற்குச் சான்றாக இன்றும் விற்பனையாகின்றது. மூட்டைச் சுற்றித் திருகும் பூட்டுவளையம் 1955 இல் அதிற் சேர்க்கப்பட்டது. எளிமையான அமைப்பு, பழுதாவதற்கு அதிற் பாகங்களே இல்லை. எனினும் அதன் மரப்பிடி நீரில் ஊறினால் அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆதலால் மேட்டுநிலத் தோட்டத்திற்கு அது பொருந்தும். சேற்று வயலுக்கு அவ்வளவு பொருந்தாது. வயலுக்குச் சொரசொரப்பான பிளாஸ்டிக் பிடி உகந்தது. நிறம் சிவப்போ மஞ்சளோ ஆயின் வரம்புப் புல்லில் விழுந்தாலும் கண்டெடுக்கலாம். பச்சையும் கறுப்பும் அழகாயிருக்கும், தொலைந்தும் போகும்.

கடதாசி வெட்டும் நழுவற் கத்தி மிக மலிவானதென்று சிலர் அதையே வயலுக்குக் கொண்டு செல்கின்றனர். அதன் அலகு துண்டுதுண்டாக ஒடியும்படி செய்யப்பட்டது. ஒடிந்த துண்டு சேற்றில் விழுந்தால் வெறுங்காலுடன் நடப்போரின் பாதத்திலேயே மீண்டும் அகப்படும். களஞ்சியத்தில் மாத்திரம் அதைப் பயன்படுத்துக.

எங்கே வாங்குவது

கொட்டாஞ்சேனையிலும் அதன் அயலிலும் வசிப்போருக்குக் கொழும்பு 12 இலுள்ள பழைய சோனகத் தெருவும் குவாரி வீதியும் அண்மையிலுள்ளன. இரும்புப் பொருட் கடைகள் அங்கே வரிசையாக இருப்பதால் ஒன்றிலே பார்த்ததை மற்றொன்றிலே ஒப்பிடலாம். மரக்கறி கொண்டுவரும் கமக்காரர் முன்னர் புறக்கோட்டை மனிங் சந்தையில் விற்றுவிட்டு நடந்தே அங்கு செல்வர். 2020 ஆம் ஆண்டில் அச்சந்தை பேலியகொடைக்கு மாற்றப்பட்டமையால், இப்போது பஸ்ஸேறிச் செல்லவேண்டியுள்ளது; ஆயினும் அச்சிரமம் தகும். வெள்ளவத்தையிலுள்ளோர் காலி வீதியிற் பாத்திரக் கடைகளிற் கிடைப்பதை வாங்குமுன் மேற்கூறிய சோதனைகளைக் கடையிலேயே செய்துகொள்க. திறந்து பார்க்க அனுமதியாத கடையில் வாங்கவேண்டாம். விலையைப் பொறுத்தவரை, நல்லதொரு மண்வெட்டியின் விலைக்கு மேல் மடக்குக் கத்திக்குச் செலவிடுதல் தேவையற்றதென்பது எமது கருத்து. அரைவிலைக்குக் கிடைப்பவற்றுள்ளும் ஆட்டமற்றவை உண்டு, பொறுமையுடன் தேடவேண்டும். மாம்பழ ஒட்டு, அரும்பொட்டு முதலியன செய்வோர் இதனோடு தனியான ஒட்டுக்கத்தியொன்றையும் வைத்திருத்தல் வேண்டும்.

கத்தியால் வருங் கேடு

வாடல் நோய் கண்ட செடியை வெட்டிய கத்தியாலே அடுத்த செடியையும் வெட்டினால் நோயை நீங்களே நட்டவராவீர்கள். தக்காளியிலும் மிளகாயிலும் பச்சையும் மஞ்சளுமாக இலை சித்திரம்போற் தோன்றும் மொசெயிக் நோய்களுட் சில கத்தியாலும் கையாலும் பரவும். (மிளகாயின் இலைச்சுருளோ பூச்சிகளாலேயே வருவது, அதற்குக் கத்தியைக் குறைகூறிப் பயனில்லை.) வீட்டில் துணி வெளுக்கும் குளோரீன் திரவத்தில் 1 பங்கை 9 பங்கு நீரிற் கலந்து, அலகை முதலிற் கழுவிப் பின்னர் அதிலே தோய்த்தெடுங்கள். இத்திரவம் உருக்கை அரிக்குமாதலால் வேலை முடிந்ததும் நல்ல நீரிற் கழுவித் துடைத்தல் அவசியம். நெருப்பிற் காட்டிச் சுத்தஞ் செய்யாதீர்கள்; அலகின் பதம் போய்விடும்.

பீடைகொல்லிப் பொதியை வெட்டிய கத்தியால் மாம்பழம் வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தல் எவ்வளவு ஆபத்தானதென்பதை விரித்துக் கூறவேண்டியதில்லை. பீடைகொல்லிப் பொதிகளுக்கென மலிவான கத்தரிக்கோலொன்றை மருந்துப் பெட்டியிலேயே கட்டி வைத்துவிடுங்கள்.

வயலிற் கையோ காலோ வெட்டுப்பட்டால் அதை அற்பமாக எண்ணலாகாது. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீர் வெட்டுக்காயத்தின் வழியே உடலிற் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாக அறிவிக்கப்பட்டது, மடிந்தவரும் பலர். காயத்தைச் சுத்தமான நீரும் சவர்க்காரமுங் கொண்டு கழுவி, தூய துணியால் அழுத்திக் கட்டுங்கள். சுண்ணாம்பு, கோப்பித்தூள் முதலியன பூசுதல் கூடாது. காயம் ஆறும்வரை வயல்நீரில் இறங்காதீர்கள். இறங்கியே ஆகவேண்டுமாயின் அதற்கு முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். ஏற்புவலித் தடையூசி போட்டுப் பல ஆண்டுகள் கழிந்திருப்பின் வைத்தியசாலைக்குச் செல்க. வயலில் வேலைசெய்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் ஒருங்கே கண்டால், ஒருநாளேனும் தாமதியாது வைத்தியரிடம் வயல்வேலையைப் பற்றியும் சொல்லுதல் வேண்டும்.

தீட்டலும் பேணலும்

மழுங்கிய கத்தியே அதிகம் வெட்டும், பயிரையல்ல, கையை. வாரத்திற்கொரு முறை தீட்டுங்கள். கல்லின்மேல் அலகைச் செங்குத்தாக நிறுத்திப் பாதியாகச் சாய்த்து, மீண்டும் பாதியாகச் சாய்த்தால் ஏறக்குறைய 22 பாகைச் சாய்வு கிடைக்கும். அச்சாய்வு மாறாது, நீரோ எண்ணெயோ இட்டு, ஒரு பக்கம் தேய்த்து மறுபக்கத்தில் மெல்லிய இழை மடிந்திருப்பதை விரலால் உணர்ந்தபின் கத்தியைத் திருப்புங்கள். முடிவில் பழைய தோல்வாரிலோ மடித்த புதினத்தாளிலோ பின்னோக்கி இழுத்தால் அவ்விழை நீங்கும். தெருவிற் சாணை பிடிப்போரிடம் கொடுப்பதாயின், சுழலும் கல்லில் அலகு நீலம்பாயாதவாறு அடிக்கடி நீரில் தோய்க்கச் சொல்லுங்கள். நீலம்பாய்ந்த இடம் பதமிழந்த இடம். பின்பு எத்தனை முறை தீட்டினும் அங்கே கூர் நில்லாது.

வேலை முடிந்ததும் மூட்டிலுள்ள சேற்றை ஈர்க்குக்குச்சியால் நீக்கி, உலரவிட்டு, தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடுக. தேங்காயெண்ணெய் காலப்போக்கிற் பிசுபிசுத்து மண்ணைப் பிடிக்கும்.

கத்தி கொண்டு திரிதலைக் கட்டுப்படுத்தும் கட்டளைச் சட்டம் பிரித்தானியர் காலந்தொட்டே இலங்கையில் உண்டு. எனவே நகருக்கு வரும்போது கத்தியை மடியிற் செருகாது, விளைபொருளும் கயிறும் உள்ள பையின் அடியில் மூடி வையுங்கள். கோயிற் திருவிழா, கூட்டம், அரசாங்கக் கந்தோர் ஆகியவற்றுக்குச் செல்லும் நாளில் அது வீட்டிலேயே இருக்கட்டும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கக் கட்டுநாயக்காவிலிருந்து புறப்படுவோர் கைப்பையைப் புறப்படுமுன் உதறிப் பார்த்துக்கொள்க. அங்கே எடுத்துவைக்கப்படும் கத்தி திரும்பக் கிடையாது.