எந்த நாளுக்குத் திருப்புவது?

“எஞ்சின் போயிடுச்சு சார். மாருதி வேன் எஞ்சினைத் தூக்கி வெச்சிடலாம், ஏசியும் போட்டுக்கலாம்” என்றார் மெக்கானிக். அப்பாவின் 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பதினோரு வருடம் ஷெட்டில் கிடந்துவிட்டு அன்றுதான் வெயிலைப் பார்த்தது.

அப்படிச் செய்தால் வண்டி நன்றாகவே ஓடும். ஆனால் ஹெரால்டு சட்டை போட்ட மாருதியாக ஓடும்.

ஓட வைப்பது பழுதுபார்த்தல். நம் வசதிக்கு வளைப்பது மாற்றியமைத்தல். இருந்தபடியே கொண்டுவருவதுதான் மீட்டெடுத்தல். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதியும் இந்தக் கோட்டைத்தான் போடுகிறது: பதிவாகி 50 ஆண்டு தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறாத வண்டிதான் ‘விண்டேஜ்’.

ஹெரால்டு இந்த வேலைக்குத் தோதான கார். வடிவம் இத்தாலியர் மிக்கெலோட்டியுடையது. நம் ஊர் ஹெரால்டு உருவானது வண்டலூரில். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். பாடி வேறு, சேசிஸ் வேறு. போல்ட்டைக் கழற்றினால் பிரிந்துவிடும்.

பிரித்தோம். பழைய பட்டியைச் சுரண்டினால் அடியில் துரு. அரித்த இடத்தை மட்டும் வெட்டி, அதே கனத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்தார் டிங்கர். 948 சிசி எஞ்சினுக்கு லேத்தில் போரிங் போட்டுப் புது பிஸ்டன் மாட்டினோம். டயர், பேட்டரி, பிரேக் லைனிங், ரப்பர் எல்லாம் தேய்வதற்கென்றே பிறந்தவை. அவற்றைப் புதிதாகப் போடுவதில் தவறே இல்லை. நல்ல தகட்டைத் தூக்கி எறிவதுதான் தவறு.

பெயின்ட்டில் வந்து மாட்டிக்கொண்டேன். நான் பார்த்து வளர்ந்தது க்ரீம் கலர். 1983இல் அப்பா அடித்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் சுரண்டியபோது வெளிர்நீலம் தெரிந்தது. கம்பெனியிலிருந்து இறங்கிய நாளுக்குத் திருப்புவதா, நாங்கள் நாலு பேர் பின்சீட்டில் நெருக்கியடித்துப் போன நாளுக்கா? புத்தகப்படி விடை நீலம். மனசு ஒப்பவில்லை.

அம்மாவைக் கேட்டேன். “நான் கல்யாணமாகி வந்தப்போ நீலம்தான். உங்கப்பாதான் மோர்க்குழம்பு கலர்ல ஏதோ அடிச்சுக் கெடுத்தாரு!”

நீலமே அடித்தோம். எதை எடுத்தோம், எதை வைத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். அடுத்து கைவைப்பவருக்கு அதுதான் ஜாதகம். அதன் கடைசிப் பக்கத்தில், உரித்தெடுத்த க்ரீம் பெயின்ட் செதில் ஒன்று ஒட்டியிருக்கிறது.