நிலவறை ஆட்டமும் இரண்டு மணி நேரக் கெடுவும்

ஒரு சனிக்கிழமை ராத்திரி நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு குள்ளஞ்சாவடிக்கு வந்து இறங்கினான். கடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய வேகத்தில், "மாமா, காசு போச்சு" என்றான். ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய ஒரு பலகை ஆட்டத்தின் கணினி வடிவம் அது. மூன்றாவது கட்டத்தில் கதவைத் திறந்ததும் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. எத்தனை முறை திறந்தாலும் அதே கதவு, அதே உறைவு. பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறான், மறுத்துவிட்டார்கள்.

கணக்கைத் திறந்து பார்த்தேன். ஆடிய நேரம் மூன்று மணி பத்து நிமிடம் என்று இருந்தது. "இவ்வளவு நேரமா ஆடினே?" "இல்ல மாமா. ஒன்றரை மணி நேரம் அது பாடம் நடத்துச்சு. நடுவுல அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க, அப்படியே வெச்சுட்டுப் போயிட்டேன்." சாப்பாட்டு நேரமும் ஆட்ட நேரத்தில் ஏறிவிட்டது. கடை தன் விதிப்படிதான் நடந்திருக்கிறது. விதி இவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நெய்வேலிப் பக்கத்தில் சுரங்கம் என்றால் மண்ணை அள்ளி வானம் பார்க்கத் திறந்துவைத்த பள்ளம். அக்கா மகன் வாங்கியது போன்ற ஆட்டங்களில் வருவது இருட்டு நிலவறை. நான்கு பேர் ஆளுக்கொரு வீரனை எடுத்துக்கொண்டு, கதவு கதவாகத் திறந்து, உள்ளே இருக்கும் பூதங்களோடு மோதிப் புதையலோடு வெளியே வர வேண்டும். 1989-இல் வந்த ஹீரோக்வெஸ்ட் இந்த வகையை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. 2017-இல் ஐசக் சில்ட்ரெஸ் வடிவமைத்த க்ளூம்ஹேவன் அதை எங்கேயோ கொண்டுபோய் வைத்தது: பெட்டியின் எடை ஏறக்குறைய பத்து கிலோ, உள்ளே 95 கதைக்கட்டங்கள், 17 வகை வீரர்கள். மேசையில் பரப்பி அடுக்கவே அரை மணி நேரம் ஆகும். பிறகு யாருக்கு எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுவதில் ஒரு சண்டை.

அந்த எண்ணுகிற வேலையைக் கணினி எடுத்துக்கொள்கிறது என்பதுதான் டிஜிட்டல் வடிவத்தின் கவர்ச்சி. க்ளூம்ஹேவனின் கணினிப் பதிப்பு 2019-இல் முற்றுப்பெறாத முன்னோட்டமாக விற்பனைக்கு வந்து, 2021 அக்டோபரில்தான் முழுமையானது. இரண்டு வருஷத்துக்கு மேல் பாதி ஆட்டத்தைக் காசு கொடுத்து ஆடியவர்கள் உண்டு. தெரிந்தே வாங்கினால் அதில் தப்பில்லை. 'ஏர்லி ஆக்சஸ்' என்ற சீட்டு ஒட்டியிருந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று கடைக்காரரே சொல்லிவிட்டார் என்று பொருள்.

இனி, பணத்தைத் திருப்பித் தர மறுத்த கடையின் அந்த விதி. கணினி ஆட்டங்களுக்குப் பெரிய கடையான ஸ்டீமில், வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கார் ஓட்டும் ஆட்டத்துக்கு இரண்டு மணி தாராளம். நிலவறை ஆட்டத்துக்கு அது பாடம் கேட்டு முடிக்கவே போதாது. அதனால் எங்கள் வீட்டில் இப்போது முறையை மாற்றிவிட்டோம். விதிகளை யூடியூபில் பார்த்துவிட வேண்டும். அதன் பிறகே வாங்க வேண்டும். திறந்ததும் முதல் வேலை, நம் கணினியில் அது ஓடுகிறதா, எழுத்து படிக்கத் தெரிகிறதா, நண்பனோடு இணைந்து ஆட முடிகிறதா என்று பார்ப்பது. எழுந்து போகிறபோது மூடிவிட வேண்டும். ஆட்டம் திறந்திருக்கும்வரை கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கெடு தாண்டிவிட்டாலும் கேட்டுப் பார்க்கலாம், பரிசீலிப்போம் என்றுதான் அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். போனில் கூகுள் ப்ளேயில் வாங்கியதற்கு 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே கேட்கலாம். அதற்குப் பிறகு ஆட்டத்தைச் செய்தவர்களிடம் போக வேண்டும்.

பெட்டியை வாங்கினால் பெட்டி உங்களுடையது. ஆடி முடித்து விற்கலாம், தங்கச்சிக்குக் கொடுக்கலாம், பரணில் போட்டுவைத்துப் பேரனுக்கு எடுத்துத் தரலாம். டிஜிட்டலாக வாங்கியது அப்படி இல்லை. 'உரிமம் தரப்படுகிறது, விற்கப்படவில்லை' என்பதுதான் ஒப்பந்தத்தின் சாரம். கணக்கை இன்னொருவருக்கு மாற்றித் தரவும் முடியாது. வாங்குவது உரிமம்தான் என்று கடைக்காரர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டமே போட்டது. 2025 ஜனவரி 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. நம் ஊரில் இந்தப் பாடத்தைப் பிள்ளைகள் வேறு வழியில் படித்தார்கள். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது, அதில் பப்ஜி மொபைலும் ஒன்று. அக்டோபர் 30-ஆம் தேதியோடு இந்தியாவில் சேவை முழுவதும் நின்றது. ஆட்டத்துக்குள் துப்பாக்கிக்கும் சட்டைக்கும் கட்டிய பணமெல்லாம் அன்றைக்குப் பூட்டுக்குள் போனது.

இரண்டையும் கலந்த மூன்றாவது வகை ஒன்று உண்டு, எனக்குக் கவலை அதில்தான். 2016-இல் வந்த மேன்ஷன்ஸ் ஆஃப் மேட்னஸ் இரண்டாம் பதிப்பு, 2021-இல் வந்த டிசென்ட்: லெஜண்ட்ஸ் ஆஃப் தி டார்க் ஆகியவற்றில் அட்டையும் பொம்மையும் பெட்டியில் இருக்கும், ஆட்டத்தை நடத்துவது செயலி. என்றைக்காவது அந்தச் செயலி நம் போனில் ஓடாமல் போனால் கையில் மிஞ்சுவது கொலு வைக்க மட்டுமே ஆகும். வாங்குவதற்கு முன் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். செயலி கட்டாயமா, துணைக்கு மட்டுமா என்று அதில் போட்டிருக்கும். பரமபதத்துக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை.

டவுன்ஷிப்பில் சில அப்பாக்கள் இந்த நிலவறை ஆட்டங்களையே சூதாட்டம் என்று நினைக்கிறார்கள். தாயக்கட்டை உருண்டாலே சூது ஆகிவிடாது. பந்தயம் கட்டினால்தான் சூது. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. அந்த வருஷம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பிறகு 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் வைத்துப் பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமையோ அதிர்ஷ்டமோ எதுவானாலும், ஒரே வீச்சில் தடை செய்தது. அப்படிப்பட்ட ஆட்டத்தை நடத்துகிறவருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும் உண்டு. அதே சட்டம், பந்தயமாக இல்லாத நுழைவுக் கட்டணமோ சந்தாவோ வாங்கும் பொழுதுபோக்கு ஆட்டங்களைத் தனியாகப் பிரித்து அனுமதிக்கிறது. அக்கா மகன் வாங்கியது இந்த வகை. அவனைத் திட்டுவதென்றால் பரீட்சைக்காகத் திட்டலாம், சட்டத்துக்காக வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்கும் கெடு தாண்டிய பிறகு என்ன வழி? 2020-இன் மின்வணிக நுகர்வோர் விதிகள் டிஜிட்டல் பொருளுக்கும் பொருந்தும், இந்தியாவில் விற்கும் வெளிநாட்டுக் கடைக்கும் பொருந்தும். குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பதில் இல்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையவில்லை என்றால் கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தியாவில் அலுவலகமே இல்லாத கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பு வாங்குவது ஒரு வேலை, அந்தப் பணத்தை வசூலிப்பது அதைவிடப் பெரிய வேலை. ஆயிரம் ரூபாய்க்கு 1915 வரை போங்கள். கார்டில் கட்டியிருந்தால், கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்கும் 'சார்ஜ்பேக்' கேளுங்கள். 

பிள்ளை கேட்காமல் அப்பா கார்டில் வாங்கிவிட்டால்? 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பிலிருந்தே நிலைத்த விஷயம். அதைச் சொல்லித் திருப்பிக் கேட்கலாம். ஆனால் கார்டு எண்ணைப் போனில் சேமித்து, ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்காதபடி விட்டுவைத்தது அப்பா என்றால் பேச்சு கொஞ்சம் தொய்ந்துவிடும். அந்த அமைப்பை இன்றைக்கே மாற்றுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது திருட்டு. ஒரு 'நண்பன்' செய்தி அனுப்புவான்: "சாரி, உன் கணக்கைத் தெரியாம ரிப்போர்ட் பண்ணிட்டேன், இந்த அதிகாரிகிட்ட பேசு, இல்லன்னா பிளாக் ஆயிடும்." அந்த நண்பனின் கணக்கு முன்பே களவு போயிருக்கும், அந்த அதிகாரியும் திருடன். இன்னொருவன் எங்கள் அணிக்கு ஓட்டுப் போடு என்று ஒரு சுட்டி தருவான். அச்சு அசலாக அதே உள்நுழைவுப் பக்கம் திறக்கும். இலவசம் என்று டெலிகிராமில் சுற்றும் ஏபிகே கோப்புகள் மூன்றாவது வழி. பத்து கிலோ பெட்டியை யாரும் சும்மா தர மாட்டார்கள் என்று தெரிகிற பையனுக்கு, கோப்பு என்றதும் அது மறந்துபோகிறது.

இப்படிப் பணம் போனால் முதல் போன் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு, அடுத்தது வங்கிக்கு. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் போயிருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்து மூன்று வேலைநாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது. தவறு உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குச் சொல்லும் நிமிடம்வரை போனது உங்கள் தலையில். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கான எண் 14448.

அக்கா மகனின் பணம் திரும்பவில்லை. உறைந்த திரையைப் படம் பிடித்து, கணினி விவரத்தோடு ஆட்டத்தைச் செய்தவர்களுக்கு எழுதினோம். மூன்று வாரத்தில் திருத்தம் வந்தது, கதவு திறந்தது. அதன் பிறகு இரண்டு ஆட்டம் வாங்கி, ஒன்றை ஒன்றேகால் மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டான். இப்போதெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டால் ஆட்டத்தை மூடிவிட்டு உடனே எழுந்து வருகிறான். பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அக்கா வடலூர் சபைக்குப் போய் அரிசி கொடுத்துவிட்டு வந்தாள். நான் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.