செங்கோட்டைக்கு எவ்வளவு பெரிய வட்டம்?

தென்காசி வட்டாரத்து ரயில் பாதைகளைக் கணினியில் வலைப்படமாக வரைவது எளிது. ஊர்கள் கணுக்கள், தண்டவாளம் அவற்றை இணைக்கும் கோடு. கொல்லத்தில் கிளம்பும் பாதை புனலூர் தாண்டி, மலையேறி இறங்கி, செங்கோட்டை வழியாகத் தென்காசிக்கு வருகிறது. அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ராஜபாளையம் வழியே விருதுநகருக்கு, மற்றொன்று அம்பாசமுத்திரம் வழியே திருநெல்வேலிக்கு. விருதுநகருக்கும் திருநெல்வேலிக்கும் இடையிலும் பாதை உண்டு. சிறிய நிலையங்களை விட்டுவிட்டால் எட்டு ஊர், எட்டுக் கோடு. பைத்தான் மொழியில் நெட்வொர்க்எக்ஸ் என்ற நிரல் தொகுப்பிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்தால் நொடியில் படம் வந்துவிடும்.

ஆனால் எட்டு வட்டமும் ஒரே அளவில் இருக்கும். நாம் எதுவும் சொல்லாதவரை எல்லாக் கணுவுக்கும் 300 என்ற அளவையே அது எடுத்துக்கொள்ளும். திருநெல்வேலியும் செங்கோட்டையும் ஒன்றா? இந்தக் கேள்வி எழுந்ததும் பெரும்பாலோர் கை நீட்டுவது மக்கள்தொகைக்குத்தான். 2011 கணக்கெடுப்பின்படி திருநெல்வேலி மாநகரில் சுமார் 4.7 லட்சம் பேர், செங்கோட்டையில் ஏறத்தாழ 27,000 பேர். அதாவது 17 மடங்குக்கும் சற்று அதிகம்.

இங்கேதான் முதல் பள்ளம். நெட்வொர்க்எக்ஸில் கணுவின் அளவு என்பது வட்டத்தின் பரப்பைக் குறிக்கும். ஐகிராஃப் என்ற இன்னொரு தொகுப்பில் அதே எண் விட்டத்தைக் குறிக்கும். டி3 என்ற தொகுப்பில் வட்டத்துக்குக் கொடுப்பது ஆரம். பரோட்டா போடுபவருக்கு இது தெரிந்த கணக்கு: தடிமன் மாறாமல் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் மாவு நான்கு மடங்கு வேண்டும். மக்கள்தொகையை அப்படியே விட்டமாகக் கொடுத்தால், அந்த 17 மடங்குச் சொச்ச வித்தியாசம் பரப்பில் 300 மடங்கைத் தாண்டிவிடும். செங்கோட்டை ஒரு கடுகளவுப் புள்ளி ஆகிவிடும். விட்டமோ ஆரமோ கேட்கும் கருவிக்கு எண்ணின் வர்க்கமூலத்தைத்தான் கொடுக்க வேண்டும். அப்போது திருநெல்வேலி வட்டத்தின் விட்டம் செங்கோட்டையுடையதைப் போல நான்கு மடங்கு சொச்சம். அதுதான் நியாயமான படம்.

ரயிலுக்காக ஊர்களை வட்டமாக வரைந்த வழக்கம் கணினிக்கு வெகு காலம் முந்தியது. அயர்லாந்தில் எங்கே ரயில் பாதை போடலாம் என்று ஆராய்ந்த ஆணையத்துக்காக, ஹென்றி டுரூரி ஹார்னெஸ் என்ற ராணுவப் பொறியாளர் 1837-இல் வரைபடங்கள் தயாரித்தார். அவற்றில் நகரங்களின் மக்கள்தொகை வட்டத்தின் அளவாகவும், போக்குவரத்து கோட்டின் தடிமனாகவும் வந்தன. அவருக்கு மக்கள்தொகை பொருத்தமான எண். ரயில் பாதை ஏறத்தாழ இல்லாத நாட்டில், யார் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

செங்கோட்டைக்கு அது பொருத்தமான எண் அல்ல என்பது என் உறுதியான கருத்து. இந்த ஊரின் ரயில் வரலாறு முழுவதும் அது எதற்கு நடுவில் இருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது. கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து மீட்டர் கேஜ் பாதை 1904-இல் வந்தபோது இந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. 1956-இல்தான் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

நடுவில் இருப்பதை அளக்க ஒரு வழி உண்டு. 1977-இல் சமூகவியலாளர் லிண்டன் ஃப்ரீமன் அதை வரையறுத்தார். எல்லா ஊர் ஜோடிகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் இடையிலான குறுக்கு வழி எந்த ஊர்களைக் கடக்கிறது என்று எண்ண வேண்டும். நம் எட்டு ஊர்ப் படத்தில், இடையில் குறைந்த கணுக்கள் வரும் வழியே குறுக்கு வழி என்று வைத்தால், பேப்பரிலேயே போட்டுவிடலாம். கொல்லம், புனலூர் இரண்டும் ஒரு பக்கம். மற்ற ஐந்து ஊர்கள் மறுபக்கம். 2 பெருக்கல் 5, ஆகச் செங்கோட்டைக்கு 10. தென்காசிக்கு 13. புனலூருக்கு 6. ராஜபாளையத்துக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் 4. விருதுநகருக்கு 1, மக்கள்தொகையில் முதலிடத்தில் நின்ற திருநெல்வேலிக்கும் 1. கொல்லத்துக்கு 0, ஏனெனில் நாம் படத்தை அங்கேயே வெட்டிவிட்டோம்; திருவனந்தபுரம் பாதையைச் சேர்த்தால் இந்த எண்கள் மாறும். எல்லையை எங்கே போடுகிறோம் என்பதும் வட்டத்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

இனி ஒரு கோட்டை அழித்துப் பாருங்கள். அகலப் பாதை வேலைக்காக 2010 செப்டம்பரில் செங்கோட்டை - புனலூர் மீட்டர் கேஜ் ரயில்கள் நின்றன. மலைப்பாதை முழுமையாகத் திறக்க 2018 ஆகிவிட்டது. அந்தக் கோட்டை எடுத்ததும் செங்கோட்டையின் எண் 10-இலிருந்து 0-க்கு விழுகிறது. பாதை அங்கேயே முடிவதால் அதன் வழியாக யாரும் எங்கும் போக முடியாது. தென்காசி 13-இலிருந்து 5-க்கு இறங்குகிறது. மக்கள்தொகையில் வரைந்த படம் இந்த எட்டு ஆண்டுகளில் ஒரு துளியும் அசைந்திருக்காது.

நிரலில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். அளவுகளைப் பட்டியலாகக் கொடுக்கும்போது, அந்த வரிசையும் வலைப்படம் ஊர்களை வைத்திருக்கும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். பிசகினால் திருநெல்வேலியின் வட்டம் புனலூர் மேல் உட்காரும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஊர்ப் பெயரைக் கொண்டே அளவைத் தேடி எடுப்பது பாதுகாப்பு.

அடுத்தது, நெட்வொர்க்எக்ஸ் இந்த நடுமை எண்ணை 0-க்கும் 1-க்கும் இடையில் சுருக்கித் தருகிறது. செங்கோட்டைக்கு 21-இல் 10, அதாவது 0.48. அதை அப்படியே அளவாகக் கொடுத்தால் வட்டம் கண்ணுக்கே தெரியாது. 3,000-ஆல் பெருக்கினால் செங்கோட்டை சுமார் 1,430, தென்காசி சுமார் 1,860 என்று நன்றாகத் தெரியும். கொல்லம் மட்டும் 0-வாகவே மறைந்து நிற்கும். அதைக் காட்ட எல்லாருக்கும் 100 கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அப்போது வட்டங்களின் விகிதம் கொஞ்சம் பொய்யாகும். கூட்டாமல், 0 வந்த ஊர்களை உள்ளீடற்ற சிறு வளையமாகத் தனியே வரைவதையே நான் விரும்புவேன். கண்ணுக்குப் பரப்பை மதிப்பிடுவது நீளத்தை மதிப்பிடுவதைவிடக் கடினம் என்று ஆய்வாளர்கள் கிளீவ்லாண்டும் மெக்கிலும் 1984-இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு வட்டத்தின் அருகிலும் அதன் எண்ணையும் எழுதிவிடுங்கள்.