உங்களுக்குத் தெரியுமா? பாரிஸ் மேடையில் முத்துக்குளிப்பு

பிரான்சுக்குப் படிக்கப் போன வீராம்பட்டினத்துப் பிள்ளை ஓபராவுக்கு டிக்கெட் எடுத்தால், திரை விலகியதும் எதிரே நம் பக்கத்துக் கடற்கரையே வந்து நிற்கலாம்! ழார்ழ் பிசே இசையமைத்த ‘முத்துக்குளிப்போர்’ ஓபராவின் கதை நடப்பது இலங்கைக் கரையில்.

• முதலில் கதைக்களம் மெக்சிகோ. பிறகுதான் இலங்கைக்கு மாற்றினார்கள்.

• கடலில் இறங்கியவர்களுக்கு ஆபத்து வராதிருக்க, முகத்திரை போட்ட நாயகி பாறைமேல் நின்று பாடுகிறாள். வேண்டுவது பிரம்மாவை! செங்கழுநீர் அம்மனை வேண்டும் வீராம்பட்டினத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பெயர்களோ லெய்லா, நாதிர், சூர்கா. பேருக்குக்கூட ஒரு தமிழ்ப்பெயர் இல்லை.

• பாரிஸில் முதல் காட்சி: 1863 செப்டம்பர் 30. பிசேக்கு வயது 24. பதினெட்டுக் காட்சிகளோடு நின்றது. அவர் உயிரோடிருந்தவரை மறுபடி மேடையேறவில்லை.