உஷார்! சிங்கப்பூரில் அடிபட்டால் அவசரப்பட்டு ஊருக்குக் கிளம்பாதீர்கள்

சாரத்திலிருந்து விழுந்து முதுகு உடைந்தவர், இயந்திரத்தில் விரலைப் பறிகொடுத்தவர்... காயத்துக்குக் கட்டுப் போட்ட சூட்டோடு இவர்களிடம் விமான டிக்கெட்டை நீட்டும் கம்பெனிகள் உண்டு. "ஊருக்குப் போய் ரெஸ்ட் எடு தம்பி, குணமானதும் கூப்பிடுறோம்" என்பார்கள். நம்பிவிடாதீர்கள்!

அதைவிட ஆபத்தான பேச்சு அதற்கு முன்பே வரும். "டாக்டர் கேட்டா டார்மெட்ரி பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு. இல்லேன்னா பெர்மிட் கேன்சல் ஆயிடும்." ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணத்துக்கு ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது யாருக்குத்தான் பயம் வராது? ஆனால் டாக்டரின் சீட்டில் ஒருமுறை 'பாத்ரூம்' என்று பதிவானால், அது வேலையில் பட்ட அடிதான் என்று பிறகு நிரூபிக்கப் படாதபாடு பட வேண்டும். சைட்டில் நடந்ததைச் சைட்டில் நடந்தது என்றே முதல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. சிங்கப்பூரின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் மீது தவறு என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. வேலையின்போது அடிபட்டதா என்பதுதான் கேள்வி. குடித்துவிட்டோ சண்டை போட்டோ பட்ட காயம் வேறு கதை. உடலுழைப்புத் தொழிலாளருக்கு எவ்வளவு சம்பளமானாலும் முதலாளி காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுத்தாலும், லைட் டியூட்டி கொடுத்தாலும் மனிதவள அமைச்சுக்கு, அதாவது எம்ஓஎம்-க்கு, கம்பெனி தெரிவித்தாக வேண்டும். "எனக்கு இழப்பீடு வேண்டாம்" என்று கையெழுத்து வாங்கினாலும் அந்தக் காகிதம் செல்லாது.

எம்சி நாட்களில் முதல் 14 நாளுக்கு, மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் 60 நாள் வரை, சராசரிச் சம்பளம் முழுதாகக் கிடைக்க வேண்டும். அதன்பின் விபத்து நடந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. நிரந்தர ஊனம் என்றால் தனித் தொகை. முழு ஊனத்துக்கு 2025 நவம்பர் முதல் உச்ச வரம்பு 3,46,000 சிங்கப்பூர் வெள்ளி. வயது, சம்பளம், ஊனத்தின் சதவீதம் மூன்றையும் வைத்துத்தான் கணக்கு. அந்தச் சதவீதத்தை டாக்டர் மதிப்பிடும் முன்பே விமானம் ஏறினால் நஷ்டம் யாருக்கு?

உடனே செய்ய வேண்டியவை:

• விபத்து நடந்த இடம், காயம், இயந்திரம் எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். கூட இருந்தவர்களின் பெயர், நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

• சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஓவர்டைமும் சராசரிக் கணக்கில் சேரும்.

• படித்துப் புரியாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

• கம்பெனி தெரிவிக்காவிட்டால் நீங்களே எம்ஓஎம்-மிடம் கோரிக்கை கொடுங்கள். விபத்து நடந்து ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

• தனியாக அலைய வேண்டாம். வெளிநாட்டு ஊழியர் நிலையம், டிடபிள்யூசி2, ஹோம் போன்ற அமைப்புகள் உதவுகின்றன.

பெர்மிட் ரத்தானாலும், ஏற்கெனவே ஊர் திரும்பிவிட்டாலும் உரிமை போய்விடாது. ஆனால் ஓராண்டுக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஊரில் இருக்கும் அம்மாக்களே, அக்காக்களே! அடிபட்டவர் போன் செய்தால் "எப்போ வர்றே?" என்று கேட்கும் முன், "எம்ஓஎம்-ல பதிவாயிடுச்சா?" என்று கேளுங்கள். பதிவாகும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.